அறுந்த பெல்ட்டும் வளைந்த வால்வும்

(தோட்ட மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேசை மீது கிடக்கும் கறுப்புத் துண்டைப் பாருங்கள். இடுப்பில் கட்டும் வார் போன்றது. உட்புறத்தில் மட்டும் வரிசையாகப் பற்கள் உண்டு. இதன் பெயர் டைமிங் பெல்ட். சென்ற ஆண்டு குவாலா பிலாவைக் கடந்து பாகாவ் நோக்கி நாம் சென்றுகொண்டிருந்தபோது இது அறுந்தது. அன்று மாலை ஒரு தோட்டத்தில் ஊழியர் சேமநிதியைப் பற்றி நாம் பேசவேண்டியிருந்தது. வெடிப்பில்லை, புகையில்லை, விளக்கை ஊதி அணைத்தாற்போல் இயந்திரம் நின்றது.

சாவியைத் திருப்பினோம். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட விரைவாகவும் இலேசாகவும் சுழன்றது. அந்த இலேசான ஓசையே பெல்ட் அறுந்ததற்கு அறிகுறி. அதனை நாம் உணரவில்லை. மேலும் நான்கைந்து முறை திருப்பினோம். அவ்வழியே வந்த இளைஞர் இருவர் அன்போடு இறங்கித் தள்ளினர். இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சை விட்டும் பார்த்தோம். செய்யத் தகாதவை அனைத்தையும் அரை மணி நேரத்திற்குள் செய்து முடித்தோம். இதனைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை. சொன்னால்தான் உங்களுக்குப் பயன்.

ஏன் தகாது என்பதை விளக்குவோம். இயந்திரத்தின் கீழே கிராங்க் தண்டு சுழல்கிறது. அது பிஸ்டன்களை மேலும் கீழும் செலுத்துகிறது. மேலே கேம் தண்டு சுழல்கிறது. அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றவேண்டும். இந்தக் கணக்கைப் பிசகாமல் காப்பது பெல்ட்டின் பற்கள். கிராங்க் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. வால்வு கீழிறங்கி விலகிய பிறகு அதே இடத்திற்குப் பிஸ்டன் ஏறி வருகிறது. ஒற்றையடிப் பாதையில் காண்டா சுமந்து எதிரெதிரே வரும் இருவர் ஒருவருக்கொருவர் ஒதுங்கிச் செல்வது போல என்று கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். காரின் ஓட்டத்தால் கிராங்க் மட்டும் சுழன்று பிஸ்டனை மேலே அனுப்பும். பிஸ்டன் மோதும், வால்வின் மெல்லிய தண்டு வளையும்.

எல்லா இயந்திரங்களிலும் இவ்வாறு நேர்வதில்லை. சிலவற்றில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே போதிய இடைவெளி உண்டு. அவற்றில் புதிய பெல்ட் பூட்டினால் வேலை முடிந்தது. உங்கள் கார் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பட்டறைக்காரரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள். 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1993இல் வந்த வீராவிலும் பெல்ட் உண்டு. 2005இல் வந்த பெரோடுவா மைவியில் இரும்புச் சங்கிலி. தோட்டத்தில் வாங்கப்படுவன பெரும்பாலும் இரண்டாங்கை, மூன்றாங்கைக் கார்கள். முன்னிருந்தவர் பெல்ட்டை எப்போது மாற்றினார் என்பது எவருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ளவேண்டும்.

பெல்ட் அறுந்தது என்ற ஐயம் எழுந்தவுடன் சாவியைத் தொடாதீர்கள். தள்ளி ஓட்டவும் முயலாதீர்கள். ஸ்டார்ட்டரோ சக்கரமோ கிராங்கைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும், தப்பி நின்ற வால்வும் அடிபடக்கூடும். கியரை நடுநிலையில் வைத்து இழுவை வண்டியில் ஏற்றுவதே முறை.

நம் காரை முதலில் ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். ஒரு மணி நேரத்தில் புதிய பெல்ட் பூட்டி இயக்கினர். இயந்திரம் நொண்டியது, இருமியது, கார்புரேட்டர் பக்கம் 'பட்பட்' என்று வெடித்தது. "பழைய கார், அப்படித்தான்" என்றனர். அந்தச் சொல்லுக்கும் சேர்த்துக் கூலி கொடுத்துவிட்டு இரண்டாம் பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்த முதியவர் சாவியைக் கேட்கவே இல்லை. காற்றழுத்தக் குழாயைத்தான் எடுத்தார்.

அவர் செய்ததை நினைவில் கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வால்வுகள் மூடியிருக்கவேண்டிய நிலையில் சிலிண்டரை நிறுத்தி, அந்தத் துளை வழியே காற்றைச் செலுத்தினார். பிறகு காது கொடுத்துக் கேட்டார். கார்புரேட்டர் வழியே காற்று சீறினால் உள்ளிழுக்கும் வால்வு மூடவில்லை. புகைக்குழாய் வழியே சீறினால் வெளியேற்றும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாய் வழியே வந்தால் பிஸ்டனிலோ அதன் வளையத்திலோ பழுது. ஹெட்டைத் திறக்காமலே, பெரிய செலவு தேவையா இல்லையா என்பதை இச்சோதனை காட்டிவிடும். இதனைச் செய்யாமல் "ஹெட் திறக்கவேண்டும்" என்பவரிடமும், "பெல்ட் மட்டும் போதும்" என்பவரிடமும் ஒரே அளவு எச்சரிக்கையாயிருங்கள்.

நம் காரில் ஆறு வால்வுகள் வளைந்திருந்தன. இயந்திரம் முற்றிலும் ஆறிய பின்னரே ஹெட்டின் ஆணிகளைத் தளர்த்தினார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாக. பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்திற்கு. அவசரப்பட்டால் அலுமினிய ஹெட் கோணிவிடும். வளைந்த வால்வைத் தட்டி நிமிர்த்திப் பொருத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம், நிமிர்த்திய தண்டு எந்நாளும் முறியலாம், முறிந்தால் பிஸ்டனையே துளைக்கும். புதிய வால்வுகளை அவற்றின் இருக்கையில் அரைத்துப் பொருத்தி, வழிகாட்டிக் குழல்களைச் சோதித்து, தண்டு சீல்களையும் ஹெட் கேஸ்கட்டையும் புதிதாக இட்டார். பிஸ்டன் தலைகளில் பிறை வடிவத் தழும்புகள் மட்டுமே இருந்தன, வெடிப்பில்லை. அது நம் நல்லூழ்.

பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி அப்படியே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். சில வேளைகளில் அது மலிவுதான். ஆனால் அதிலுள்ள பெல்ட்டின் வயதும் எவருக்கும் தெரியாது; அதனையும் மாற்றியே பூட்டவேண்டும்.

இனி, பெல்ட் ஏன் அறுந்தது? கேம் தண்டின் எண்ணெய் சீல் கசிந்து, எண்ணெய் பல மாதம் பெல்ட்டின் மேல் சொட்டியிருக்கிறது. கார் நிற்குமிடத்தில் கறுப்புத் துளிகளை நாமே கண்டிருந்தோம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டோம். பிறிதொரு நாள் அதே தோட்டத்திற்குச் சென்றபோது, நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் இத்துண்டை விரலால் நெருடிப் பார்த்து, "இது நம்ம மரத்துப் பால் இல்லீங்களே ஐயா" என்றார். அவர் சொன்னது சரி. நீங்கள் மங்கில் சேர்க்கும் பால் டயருக்குப் போகிறது. இயந்திரத்தைத் தாங்கும் அடிக்கட்டைக்கும் போகிறது. ஆயினும் எண்ணெயும் சூடும் சேர்ந்த இடத்தில் இயற்கை ரப்பர் உப்பி இளகிவிடும். ஆகவே பெல்ட்டுக்கு முன்னாளில் நியோப்ரீனையும், பின்னர் நைட்ரைல் வகைச் செயற்கை ரப்பரையும் பயன்படுத்தினர்; உள்ளே கண்ணாடி இழைக் கயிறு, பற்களின் மேல் நைலான் துணி. அது எண்ணெயை ஓரளவு தாங்கும்; ஆனால் நாள்தோறும் நனைந்தால் துணி உரியும், பல் பெயரும்.

எனவே பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரை வேலை. கேம் சீல், கிராங்க் சீல், இழுவை உருளை ஆகியவற்றையும் உடன் மாற்றவேண்டும். தண்ணீர்ப் பம்பைப் பெல்ட்டே சுழற்றும் காராயின் அதனையும் மாற்றுதல் நலம். பம்பு இறுகினாலும் பெல்ட் அறுந்துபோகும். மாற்றவேண்டிய காலம் கையேட்டில் உள்ளது. பெரும்பாலும் 60,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள். கார் குறைவாக ஓடினாலும் ஆண்டுக் கணக்கும் உண்டு.

பூட்டும் நாளில் அருகில் நின்று பாருங்கள். பிஸ்டன்கள் நான்கும் பாதி உயரத்தில் நிற்குமாறு கிராங்கைக் கால் சுற்று விலக்கிவிட்டுத்தான் கேமை அதன் குறிக்குத் திருப்பவேண்டும். பிறகே கிராங்கைக் குறிக்குக் கொணரவேண்டும். பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. பூட்டியபின் ஸ்பானரால், கையாலேயே, கிராங்கை அது ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேர்நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். இடையில் எங்கேனும் தட்டினால் அங்கேயே நிறுத்தவேண்டும். அந்த முதியவர் இரண்டு சுற்றோடு விடவில்லை, நான்கு சுற்றினார். அதன்பின்தான் சாவியைக் கேட்டார்.

மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய தாள் நம் காரின் இயந்திர மூடிக்கு உட்புறம் ஒட்டப்பட்டுள்ளது. கார் வாசலில்தான் நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் மூடியைத் திறந்து காட்டுகிறோம். உங்கள் கார்களையும் கொண்டு வந்தால், எண்ணெய் கசிகிறதா என்று சேர்ந்தே பார்க்கலாம்.