காப்டன் லைட் கொடுத்த வாக்கு

திருமயம் வட்டத்தைச் சேர்ந்த அரிமளத்தில், முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் கடந்து பின்தெரு வரை நீளும் நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்கள், அவற்றின் தேக்குத் தூண்கள் சமுத்திரம் தாண்டி வந்த கதையையும் கேட்டிருப்பார்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் இது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அந்தச் செட்டிப்பிள்ளைகளில் பலர் முதலில் கால் வைத்தது பினாங்குத் துறைமுகத்தில். அந்தத் துறையைத் திறந்துவிட்ட ஆங்கிலேயக் கப்பல் தலைவரான பிரான்சிஸ் லைட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் சபோக் பிரதேசத்துச் சிற்றூரான டாலிங்கூவில் 1740 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்ற லைட், இளமையிலேயே கடற்படையில் சேர்ந்து, யுத்தம் ஓய்ந்து வேலையும் ஓய்ந்த பின், 1765-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாதவனுக்கு அக்காலத்தில் எஞ்சியிருந்த வழி, கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தனாக அல்லாமல், தனி வியாபாரியாகக் கீழ்க்கடலில் மரக்கலம் செலுத்துவதுதான். சென்னையில் ஜூர்டேன், சலிவன், டிசூசா என்னும் மூவர் கூட்டாக நடத்திய வியாபார ஸ்தாபனம் அவரிடம் ஒரு கப்பலை ஒப்படைத்தது. சோழமண்டலக் கரையின் நெசவுத் துணியையும், வங்காளத்து அபினியையும், துப்பாக்கிகளையும் ஏற்றிக்கொண்டு போய், அவற்றுக்கு ஈடாக வெள்ளீயமும் மிளகும் வாங்கி வருவது தொழில். துணியைச் சொல்லும்போது தோன்றும் கௌரவம் அபினியைச் சொல்லும்போது தோன்றவில்லை. ஆனால் அந்நாளைய கணக்கேட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளாகவே எழுதப்பட்டன.

எல்லைப்புறத்து வியாபாரம் எளிதன்று. எந்தத் துறைமுகத்தில் சரக்கு இறங்குகிறதோ அங்கே அரசனே கொள்முதல்காரன், அவனே கடன்காரன், வழக்கு வந்தால் அவனே நீதிபதி. பருவக்காற்று திரும்பும் வரை காத்திருக்க வேண்டியவனுக்கு ஆயுதத்தைவிட மொழியும் நட்புமே துணை. லைட் மலாய் மொழியையும் சயாமிய மொழியையும் கற்றுத் தேர்ந்தார். சுல்தான்களும் பிரபுக்களும் வியாபாரிகளும் அவருக்கு எழுதிய கடிதங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைக் கல்லூரியில் இருக்கின்றன. இன்று புக்கெட் என்று வழங்கும் தீவில் அவர் பல ஆண்டுகள் தங்கி வெள்ளீய வியாபாரம் செய்தார். 1772 முதல் மார்த்தினா ரொசெல்ஸ் என்னும் மாது அவருக்கு வாழ்க்கைத் துணையாயிருந்தாள்.

இனி வாக்கு விஷயத்துக்கு வருவோம். நம் இராஜேந்திர சோழன் கொண்ட கடாரம், மலாய் நாட்டில் கெடா என்ற பெயரோடு ஒரு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அந்த அரசவையில் அரச வணிகர் என்ற பதவியை வகித்து, சுல்தானின் சரக்கை விற்றும் வாங்கியும் வந்தவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். ஆகையால் லைட் அங்கே போய்ச் சேர்ந்தபோது நம்மவர் அவருக்கு முந்தியே கடை விரித்திருந்தனர். சயாமும் பர்மாவும் இருபுறமும் நெருக்க, நடுவில் சிக்கித் தவித்த சுல்தான் அப்துல்லா, தமக்குப் பகைவன் யாராயினும் அவன் கம்பெனிக்கும் பகைவனாக வேண்டும் என்ற நிபந்தனையோடு பினாங்குத் தீவைக் கொடுக்க இசைந்தார். லைட் வாக்குக் கொடுத்தார்; ஆனால் அந்த நிபந்தனையை ஏற்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கம்பெனியும் திட்டமான பதில் சொல்லாமல், விஷயம் இங்கிலாந்தின் பரிசீலனையில் இருப்பதாகக் காலம் கடத்தியது. அந்தப் பதிலுக்குக் காத்திராமலே லைட் 1786 ஜூலையில் தீவில் இறங்கி, ஆகஸ்டு 11-ந் தேதி பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். காட்டை அழிக்க ஆட்கள் தயங்கியபோது பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று பினாங்கில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, மனிதரின் சுபாவத்துக்குப் பொருந்திய கதை.

1788-ல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு இராணுவ உடன்படிக்கை கிடையாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். சுல்தானுக்கு உதவி செய்யும்படி லைட் தம் மேலதிகாரிகளுக்கு எழுதி மன்றாடியது உண்மைதான். ஆனால் தம் கையில் இல்லாத பொருளை விலை பேசிக் கொடுத்த வியாபாரியின் குற்றம் அந்தக் கடிதங்களால் கழிந்துவிடுகிறதா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது. 1791-ல் சுல்தான் தீவை மீட்க எண்ணி, எதிர்க்கரையிலுள்ள பிறை என்னும் இடத்தில் படகுகளைத் திரட்டினார்; லைட் முந்திக்கொண்டு தாக்கி அவற்றைச் சிதறடித்தார். வியாபார நஷ்டத்துக்காக ஆண்டுக்கு 30,000 வெள்ளி கேட்டிருந்த சுல்தான், அதே ஆண்டில் 6,000 ஸ்பானிய வெள்ளிக்குக் கையொப்பமிட நேர்ந்தது.

தீவோ வளர்ந்தது. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற செய்தி பரவியதும், நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளின் மரக்கலங்கள் அங்கே திரும்பின. கடைக்காரர்களாகவும், படகோட்டிகளாகவும், கூலிகளாகவும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் வந்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதையும், அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வருவதையும் லைட்டே 1794-ல் எழுதிய அறிக்கையில் குறித்திருக்கிறார். அவ்வாண்டு அக்டோபர் 21-ந் தேதி குளிர்காய்ச்சலில் அவர் காலமானார். ஏழாண்டு கழித்து, 1801-ல், காதிர் மொகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் பிரமுகர் கப்பித்தான் கிளிங் என்ற தலைமைப் பதவியோடு எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. நகரத்தார் பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து, 1857-ல் தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தார்கள். தைப்பூசத்தன்று வெள்ளி இரதம் அந்தத் தெருவிலிருந்து மலையடிவாரம் நோக்கி ஓடுவதைச் சீனர்களும் தேங்காய் உடைத்து வரவேற்கிறார்கள். பினாங்குக் கோட்டையருகே 1936-ல் திறந்து வைத்த லைட்டின் சிலைக்கு, அவருடைய உருவப்படம் ஒன்றும் அகப்படாமையால், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை அமைத்த அவர் மகன் வில்லியத்தின் முகச்சாயலைக் கொடுத்தார்களாம்.

சுல்தான் வமிசத்தின் கதை வேறுவிதமாயிற்று. 1800-ல் எதிர்க்கரையின் ஒரு துண்டு நிலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்து, ஆண்டுத் தொகையை 10,000 வெள்ளியாக உயர்த்திக்கொண்டார்கள். 1821-ல் சயாமியப் படை கடாரத்தின் மேல் விழுந்தபோது, சுல்தான் அகமது தாஜுதீன் ஓடிவந்து அடைக்கலம் புகுந்தது தம் தந்தை கொடுத்த பினாங்கிலேயே. கம்பெனியார் தங்க இடம் கொடுத்தார்கள், படை கொடுக்கவில்லை. ஆண்டுக்குப் பதினாயிரம் என்ற அந்தத் தொகையை மட்டும், கம்பெனி மறைந்து, பிரிட்டிஷ் ஆட்சி மறைந்து, மலாய் நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் அரசாங்கத்தார் கெடாவுக்கு ஆண்டுதோறும் செலுத்தி வந்தார்கள்.