குறைத்துச் சாப்பிடுகிறோம், போதுமான அளவு சாப்பிடுகிறோமா?

(அல்சூரில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடம்பு இளைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எதைக் குறைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை நீங்கள் எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். நான் அதன் மறுபக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். இளைக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் தேவையான அளவுகூடச் சாப்பிட முடியாமல் தவிப்பதுதான் என் விஷயம். நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் ரசாயனம் படித்துவிட்டு, சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆனால் கணக்கு பார்க்கத் தெரியும். இது பெரும்பாலும் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

எங்கள் தெருவில் ஒரு மாமி. வயது 68, உயரம் 152 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. முழங்கால் தேய்மானம். ஆபரேஷனுக்கு முன் எட்டு பத்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை, மாமியும் கேட்கவில்லை. நம் ஆத்துப் பெண்களுக்கு அதற்கு ஒரே வழிதான் தெரியும். முதலில் ராத்திரி சாப்பாடு போயிற்று, அப்புறம் காலை டிபன். மூன்றே மாதத்தில் 9 கிலோ இறங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு பிரதோஷத்தன்று சோமேஸ்வரர் கோவில் வாசற்படியைத் தாண்ட அந்த மாமியால் காலைத் தூக்க முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தோம். வலி இல்லை என்றார். "கால்ல பலமே இல்லை மாமா, பஞ்சு மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சாப்பிட்டதை ஒரு வாரம் எழுதி வைக்கச் சொன்னேன். இரண்டு வேளை சர்க்கரை இல்லாத காபி. பத்தரை மணிக்கு 60 கிராம் அரிசிச் சாதம், அதற்கு 15 கிராம் துவரம்பருப்பு போட்ட சாம்பார், ஒரு கறி, மோர். ராத்திரி ஒரு கொய்யாப்பழமோ இரண்டு துண்டு பப்பாளியோ. எண்ணெய் மொத்தம் இரண்டு ஸ்பூன். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 650 கலோரி, புரதம் 20 கிராம். அந்த வயதும் எடையும் உயரமும் உள்ள ஒருவர் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாலே மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் சேர்த்து உடம்பு 1,100 கலோரிக்கு மேல் செலவழிக்கும். நடமாட்டத்தையும் சேர்த்தால் 1,500ஐத் தொடும். வரவு 650, செலவு 1,500. பற்றாக்குறையைக் கொழுப்பு மட்டுமே ஈடுகட்டும் என்று நினைப்பதுதான் தப்புக் கணக்கு. உடம்பு தசையையும் உருக்கிக் கொடுக்கும். புரதம் போதாமல், உடற்பயிற்சியும் இல்லாமல் இருந்தால் இன்னும் தாராளமாகவே கொடுக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு தடவை தீர அளந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் தொடங்கிய பரிசோதனை அது. போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்ட ஐரோப்பிய ஜனங்களுக்கு மறுபடி எப்படிச் சாப்பாடு போட்டுத் தேற்றுவது என்பதுதான் கேள்வி. அதற்காக இவர்களை முதலில் 24 வாரம் அரைப்பட்டினி போட்டார்கள். அந்த அரைப்பட்டினியின் அளவு தினம் சுமார் 1,570 கலோரி! வாரம் 35 கிலோமீட்டர் நடந்த வாலிபர்கள் அவர்கள், நம் மாமியோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் நடந்ததைக் கேளுங்கள். எடையில் கால் பங்கு போயிற்று. நாடித் துடிப்பு இறங்கிற்று. கோடையிலும் குளிர்ந்தது. சிரிப்பு போய், எரிச்சல் வந்தது. சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் வேகமாகத் திரும்பி வந்தது கொழுப்பு. தசை பின்னால், மெதுவாகத்தான் வந்தது. 1950இல் இதை இரண்டு பெரிய பாகங்களாகப் புத்தகம் போட்டார்கள்.

பட்டினி கிடந்து இளைத்தவர் விட்டுவிட்டால் முன்னைவிடத் தொப்பையோடு திரும்புவதற்கு இந்த வரிசைதான் காரணம்.

நம் தேசத்து உடம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. 2004இல் லான்செட் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் போட்டோ வந்தது. ஒருவர் புனேயில் இருக்கும் யாஜ்னிக், மற்றவர் லண்டனில் இருந்த யுட்கின். உயரத்துக்கேற்ற எடை என்று கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் உள்ள கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! மெலிந்த கை கால், உள்ளே கொழுப்பு. ஆகவே நம்மிடம் முதலிலேயே தசைக் கையிருப்பு குறைவு. கையிருப்பு குறைந்தவன் அதையே செலவழித்து இளைப்பது விவேகமில்லை.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல ஆசை. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் 1918இல் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதேசத்துச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் மிகக் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசி இடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? மதராஸி சாப்பாட்டுக்குத்தான். நம் அல்சூர் ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது கென்சிங்டன் ரோடு குருத்வாராவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த எலிகள் ஞாபகம் வரும். அரிசியைக் குற்றம் சொல்லவில்லை. அரிசியோடு பருப்பும் பாலும் எவ்வளவு என்பதே கேள்வி. நம் இலையில் பருப்பு முதலில், ஓரத்தில், ஒரு கரண்டி. அதன் பிறகு மலை மாதிரி சாதத்தில் குழம்பு, ரசம், மோர் என்று தண்ணீராகவே ஓடுகிறது.

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. நம் பெங்களூரிலேயே, கோரமங்களா செயின்ட் ஜான்ஸில், டாக்டர் அனுரா குர்பாட் குழுவினர் இந்தியர்களுக்கு லைசின் எவ்வளவு வேண்டும் என்று அளந்தார்கள். 1985இல் உலக நிறுவனங்கள் ஒரு கிலோ எடைக்குத் தினம் 12 மில்லிகிராம் போதும் என்று சொல்லியிருந்தன. 2007 அறிக்கையில் அது 30 ஆயிற்று. அந்தத் திருத்தத்துக்கு நம்மூர் ஆராய்ச்சியும் ஒரு காரணம் என்பதில் எனக்குப் பெருமை. தானியம் மட்டும் சாப்பிட்டால் போதாது என்று அதற்கு அர்த்தம். நம் ஐ.சி.எம்.ஆர். 2020இல் சொன்ன கணக்குப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குத் தினம் 0.83 கிராம் புரதம். முதியவர்களுக்கு 1 கிராமோ அதற்குச் சற்று மேலோ நல்லது என்று 2013இல் நிபுணர் குழு ஒன்று சொன்னது. மாமிக்குக் கிடைத்ததோ இதில் பாதிக்கும் கீழே.

சரி, சாப்பிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இங்கேதான் நிஜமான கஷ்டம் ஆரம்பிக்கிறது. மாமியை ஒரு ஊட்டச்சத்து நிபுணரிடம் அழைத்துப் போனார்கள். அவர் 1,300 கலோரி என்றார். மாமியால் முடியவில்லை! "ரெண்டு கவளம் போனா மூணாவது தொண்டையிலேயே நிக்கறது" என்றார். மாட்டுப்பெண் அடம் என்று நினைத்தாள். அது அடமில்லை. வயதாக ஆக வயிறு காலியாக நேரமாகிறது, நிறைந்துவிட்டது என்று சொல்லும் ஹார்மோன் தூக்கலாகிறது, வாசனையும் ருசியும் மங்குகின்றன, பல் ஒத்துழைப்பதில்லை. சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். இத்தனைக்கும் மேல் மூன்று மாதம் சுருக்கிச் சாப்பிட்ட பழக்கம். கூடவே மனசில் ஒரு பயம், சாப்பிட்டால் ஏறிவிடுமே என்று.

அந்தப் பயம் லேசுப்பட்டதில்லை. அதிகம் சாப்பிடாமல் இருப்பதைப் புண்ணியமாகவே நாம் நினைத்து வந்திருக்கிறோம். எங்கள் பாட்டி காலத்தில் விதவைகளை ஒருவேளைச் சாப்பாட்டில் வைத்தார்கள், அதற்கு ஆசாரம் என்று பெயர். அந்தக் கொடுமை போய்விட்டது. ஆனால் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது, "எனக்கென்ன, ரெண்டு வாய் மோர் போறும்" என்பது, இதெல்லாம் இன்னும் நம் சமையலறைகளில் இருக்கிறது. ஆண்களும் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போகிறோம்.

மாமிக்குப் பலித்த வழி இது. அளவைப் பெருக்காமல் சத்தைப் பெருக்கினார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீரும், நடுவில் கிண்ணம் கிண்ணமாக ரசமும் நின்றன, ஏனென்றால் வயிற்றில் இடம் பிடிப்பவை அவை. காலையில் சத்துமாவுக் கஞ்சியில் கொழுப்பெடுத்த பால் பவுடர் 20 கிராம். மத்தியானம் சாதம் 60 கிராம் அரிசியிலிருந்து 40 ஆக இறங்க, பருப்பு 15லிருந்து 40 ஆக ஏறியது. ஒரு நாள் உசிலி, ஒரு நாள் கெட்டிக் கூட்டு. மோருக்குப் பதில் கெட்டித் தயிர். மூன்று மணிக்கு வேகவைத்த வேர்க்கடலை, உலர்ந்த கணக்கில் 25 கிராம். இதிலேயே 140 கலோரி, 6 கிராம் புரதம். பல் சரியில்லாத நாளில் பொடித்துக் கொடுத்தார்கள். ராத்திரிக்கு ஒரு அடை, அரிசியும் பருப்பும் சரிபாதி. முழு அடையைத் தட்டில் பார்த்தாலே மலைத்ததால் பாதி ஆறு மணிக்கு, மீதிப் பாதி எட்டு மணிக்கு. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் கூடுதல், அது 45 கலோரி. இத்தனையும் சேர்ந்து 1,300 கலோரி, 50 கிராமுக்குச் சற்று மேல் புரதம். இந்த இடத்துக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. இதிலும் எடை குறையும், மாதம் முக்கால் கிலோவுக்குள். அந்த வேகம் போதும்.

உணவு மட்டும் தசையைக் கட்டாது. நாற்காலியில் கையை ஊன்றாமல் ஐந்து தரம் எழுந்து உட்காருவது, மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, இதை வாரத்தில் மூன்று நாள் செய்தார். ஏரியைச் சுற்றி நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் இதற்கு மாற்றில்லை. நான்கு மாதத்தில் எடை 61லிருந்து 60தான் ஆனது. ஆனால் முன்பு கை ஊன்றினாலும் எழ முடியாதவர் ஊன்றாமல் ஐந்து தரம் 13 வினாடியில் எழுந்தார். ஆசிய நிபுணர்கள் 2019இல் வைத்த எல்லைக்கோடு 12 வினாடி. அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் தசை பலம் பற்றிக் கவனிக்க வேண்டும். ஆடுசதையின் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலும் அப்படியே. எடை மெஷினோடு ஒரு தையல் டேப்பும் வீட்டில் இருக்கட்டும்.

ஊசி போட்டு இளைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி நம் தேசத்தில் வந்தன. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பயனுள்ள மருந்துகள்தான், எனக்கு விரோதமில்லை. ஆனால் அவை வேலை செய்வதே பசியை அடக்கித்தான். ஆய்வுகளில், இழந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. மாமி மூன்று மாதத்தில் கஷ்டப்பட்டு வரவழைத்த பசியின்மை இதில் வாரம் ஒரு ஊசியில் வருகிறது. போட்டுக்கொள்பவர்கள் பருப்பையும் பயிற்சியையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது, டாக்டர் சொல்லும் அளவுதான். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் இளைப்பதற்காகச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அது அன்றைக்கே ஆபத்து, இதைப் படிக்கும் வெளியூர் அன்பர்கள் வீட்டில் சொல்லி வையுங்கள்.

கடைசியில் ஒரு மாமா எழுந்து, ஏகாதசியை என்ன செய்வது என்று கேட்டார். நல்ல கேள்வி. மாதம் இரண்டு நாள் உபவாசத்தால், உடம்பு சரியாக இருப்பவருக்குத் தசை கரைந்துவிடாது. மற்ற 28 நாளும் ஏகாதசி மாதிரி இருப்பதைத்தான் நான் சொல்கிறேன். மேலே சொன்ன மருந்துக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் இருக்க வேண்டாம், பாலும் பழமும் எடுத்துக்கொள்ள நம்மிலேயே வழி இருக்கிறது. துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காயோடு பயத்தம்பருப்பையும் ஒரு கரண்டி தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.