நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம்: நாற்பது மதிப்பெண்ணின் மதிப்பு

(தென்காசி வட்டாரத்துப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்திற்குப் பல திசையினின்றும் மக்கள் வந்து குவிகின்றனர். அவர்களோடு பேசிப் பேசியே நம் கடைக்காரர்கள் மலையாளம் பழகிக்கொள்கின்றனர். அதற்கென எவரும் தேர்வு எழுதியதில்லை. ஆயின், ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் பயின்று எட்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளுள் பலர் அம்மொழியில் ஒரு வாக்கியம் பேச நாணுகின்றனர். காரணம் யாது? ஒன்று காதிலும் நாவிலும் வளர்ந்தது. மற்றொன்று தாளில் மட்டும் வளர்க்கப்படுகிறது.

1968 ஜனவரி 23ஆம் நாள் நம் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. ஆகவே தமிழோடு ஆங்கிலத்தையும் செம்மையாகக் கற்பிப்பது நம் அரசுப் பள்ளிகளின் கடமையாயிற்று. பாடநூலில் உரைநடை, செய்யுள், துணைப்பாடம், இலக்கணம் யாவும் உள்ளன. 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையும், தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடும் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவரப்பட்டன. அதன்படி பருவ இறுதித் தேர்வுக்கு 60 மதிப்பெண். அன்றாட வகுப்புப் பணிக்கு 40. இந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறு தேர்வுகளுக்கு. வாய்விட்டு வாசித்தல், செவிமடுத்தல், உரையாடல் ஆகியவற்றுக்கு இடம் தருவது இந்த நாற்பதே.

நாமோ அறுபதைப் பற்றியே விசாரிக்கிறோம். வினாவிடையை மனப்பாடம் செய்தால் அறுபதில் நல்ல பங்கு கிடைத்துவிடும். நாற்பதுக்குரிய பதிவேடு பருவ முடிவில் ஒரே மாலையில் நிரப்பப்படுமாயின், ஏட்டில் மதிப்பெண் ஏறும். பிள்ளைக்கு மொழி ஏறாது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்தி வைக்கலாகாது என்றது. 2019இல் அது திருத்தப்பட்ட பின், நம் மாநிலத்தில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவிக்கப்பட்ட பொதுத் தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஏழைப் பிள்ளை பாதியில் துரத்தப்படாமல் காத்த நல்ல முடிவு அது. எனினும், தேர்வு என்னும் எச்சரிக்கை மணி இல்லாதவிடத்து நாமே விழித்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத சிறுமியின் குறை பத்தாம் வகுப்பில்தான் ஊரறிய வெளிப்படுகிறது. அங்கே தவறியவள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்ற அமர்ந்துவிட்டால், அவளை மீண்டும் பள்ளிக்கு அழைத்துவருவது எளிதன்று.

இலக்கியத்தை எவ்வாறு பயில வேண்டும் என்பதற்கு நாம் வெளியூர் சென்று சான்று தேட வேண்டியதில்லை. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், நண்பர்களைச் சூழ இருத்திக் கவிதையை வாய்விட்டுச் சொல்லி, நிறுத்தி, மீண்டும் சொல்லி அனுபவித்தார். தமிழுக்கு ஏற்ற அம்முறை ஆங்கிலச் செய்யுளுக்கும் ஏற்றதே. கடல் ஆமையைப் பற்றிய பாடத்தை வாசித்த ஆறாம் வகுப்புப் பிள்ளை, அதே சொற்களையும் வாக்கிய அமைப்பையும் கொண்டு ஐந்தருவியைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லட்டும். பிழை வந்தால் வரட்டும், ஆசிரியர் திருத்துவார். அதற்கு வழங்கும் மதிப்பெண்ணே உண்மையான மதிப்பெண்.

மேலாண்மைக் குழுவினரை ஒன்று வேண்டுகிறோம். கூட்டந்தோறும் சில பிள்ளைகளை அழைத்து, மனப்பாடம் செய்யாத ஒரு பக்கத்தை அன்புடன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறும் பிள்ளையைப் பழிக்காதீர்கள், ஆசிரியரையும் குற்றவாளியாக்காதீர்கள். அவருக்கு நேரம் போதவில்லையா, வாசிப்பு நூல்கள் இல்லையா, இரு வகுப்பு ஓர் அறையில் நடக்கிறதா என்று கேட்டுத் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் கட்டடக் குறைகளைக் கவனிப்பது எம் கடமை. வாசிப்பைக் கவனிப்பது நம் அனைவர் கடமை.

சாலையும் குடிநீரும் போலவே, ஒரு பிள்ளையின் வாசிப்பும் ஊரின் பொதுச் சொத்து. அதை நாம் போற்றிக் காப்போமாக!