உன் நோட்டு உன் கையெழுத்தில் இருக்கட்டும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையை எடுத்துச் சொல்வது வழக்கம். அந்தப் பெருமை தெரிந்துதானே நீங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்பியிருக்கிறீர்கள்? ஆகையால் நான் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் பேசுகிறேன். பாடக் குறிப்பு எழுதுவது எப்படி என்பதுதான் அது. இடைநிலைப்பள்ளியில் பல வருடம் வரலாறும் புவியியலும் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இன்றைக்கு எந்தப் பாடத்துக்கும் அச்சடித்த குறிப்பு கடையில் கிடைக்கிறது. கைத்தொலைபேசியைத் தட்டினால் காசில்லாமலே வருகிறது. பெற்றோர் பாவம், சம்பளம் போட்ட அன்றைக்கே நாலு புத்தகம் வாங்கிக் கொடுத்து விடுகிறார்கள். பிள்ளையும் மஞ்சள் மைப் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போடுகிறான். பார்க்க அழகாய் இருக்கும். ஆனால் அது வேறொருவர் மென்று கொடுத்த சோறு. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தேர்ந்தெடுக்கும் வேலைதான் படிப்பு. அந்த வேலையை நோட்டு எழுதியவர் முடித்துவிட்டார். உன் பங்குக்கு மிஞ்சியது கோடு போடுவது மட்டும்.

2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரே தடவை படித்துவிட்டு, மீதி மூன்று தடவையும் புத்தகம் இல்லாமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்தவர்களுக்கு நூற்றுக்கு 83 பங்கு நினைவில் இருந்தது, எழுதியவர்களுக்கு 71. பார்த்தீர்களா, படித்தவன் ஜெயித்துவிட்டான்! ஒரு வாரம் கழித்தும் சோதித்துப் பார்த்தார்கள். படித்தவர்களுக்கு 40 பங்குதான் மிஞ்சியது. எழுதியவர்களுக்கு 61. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, தம்பி.

இதை வைத்துத்தான் குறிப்பு எழுத வேண்டும். ஒரு பக்கம் படி. புத்தகத்தை மூடு. நினைவில் இருப்பதை உன் வார்த்தையில் எழுது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப் போனதைச் சிவப்பு மையில் சேர். அந்தச் சிவப்புத்தான் நீ அடுத்த வாரம் பார்க்க வேண்டிய இடம். நோட்டின் இடது ஓரத்தில் மூன்று விரல் அகலம் விட்டுக் கோடு கிழித்துக்கொள். அந்த ஓரத்தில் கேள்வியை எழுது, வலது பக்கம் பதிலை எழுது. படிக்கும்போது வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற ஆசிரியர் இந்த ஓரக்கோட்டு முறையைப் பரப்பினார். அதற்கு வேண்டியது ஒரு நோட்டும் ஓர் அடிக்கோலும்தான்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரி எழுதினால் வராது. இங்கேதான் நல்ல பிள்ளைகள்கூடத் தடுமாறுகிறார்கள்.

வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமென்றால் வரலாற்றில் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். அதனால் பிள்ளைகள் பயந்துபோய் ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆண்டு என்பது ஆணி மாதிரி. ஆணியை மட்டும் அடித்து வைத்தால் வீடாகுமா? ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ‘ஏன்’ என்று ஒரு கேள்வியை எழுதிப் பழக வேண்டும்.

ரப்பர் பாடத்தையே பார்ப்போம், நமக்குச் சொந்தப் பாடம். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. 1877-ல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக் கோலகங்சாரில் நடப்பட்டன. ஆனால் அடுத்த இருபது வருடத்துக்கு இங்கே தோட்டக்காரர் யாரும் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ஏன்? அவர்கள் கையில் காப்பி இருந்தது, விலையும் இருந்தது. 1888-ல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கோடாலியால் கொத்திச் சாகடிக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவித் திரும்பத் திரும்பப் பாலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதே 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1890-களில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் கொட்டிக் குவிந்து விலை விழுந்தது. 1896-ல் மலாக்காவில் டான் சே யான் வாணிபத்துக்காக ரப்பர் பயிரிட்டார். 1908-ல் ஃபோர்டு கம்பெனி மலிவு விலைக் காரை வெளியிட்டது. டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு ஆள் வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1907-ல், தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரக் கப்பல் செலவைக் கொடுக்கும் நிதி ஒன்றை இங்கிருந்த அரசாங்கம் ஏற்படுத்தியிருந்தது. கங்காணிமார் ஊர் ஊராய்ப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

இதை அம்புக்குறி போட்டு ஒரே பக்கத்தில் எழுதலாம். எழுதிப் பார்த்தால் தெரியும், அந்தச் சங்கிலியின் கடைசி வளையத்தில் உன் வீடு இருக்கிறது. உன் கொள்ளுத் தாத்தா எந்த ஊர், யாரோடு வந்தார், முதலில் எந்தத் தோட்டம்? பாட்டி இருந்தால் இன்றைக்கே கேட்டு, அந்தப் பக்கத்தின் அடியிலேயே எழுதி வை. பாடப்புத்தகத்தில் அது வராது. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தோட்டங்களும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன.

புவியியலுக்கு வார்த்தை குறைவாகவும் படம் அதிகமாகவும் வேண்டும். பருவக்காற்றைப் பற்றிப் பத்து வரி எழுதுவதைவிட, ஆசியாவையும் ஆஸ்திரேலியாவையும் இரண்டு கட்டமாகப் போட்டு, நடுவில் நம் நாட்டைப் புள்ளியாய் வைத்தால் போதும். வருடக் கடைசியில் வட ஆசியாவில் குளிர். குளிர்ந்த காற்று கனமாகி அழுத்தம் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் அப்போது வெயில் காலம், அழுத்தம் குறைவு. அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குக் காற்று கிளம்புகிறது. வழியில் தென்சீனக் கடல். ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிளந்தான், திரங்கானு, பகாங் கரையில் கொட்டுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை இந்த வடகிழக்குக் காற்று. 2014 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது; கிளந்தானுக்குத்தான் பலத்த அடி.

இப்போது ஒரு கேள்வி. கிழக்குக்கரையில்தானே மழை என்று மனப்பாடம் செய்தவன், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஏன் மூழ்கியது என்று கேட்டால் என்ன சொல்வான்? படம் போட்டவன் யோசிப்பான். ‘சார், அதே காலத்தில் ஒரு தாழ்வழுத்தம் கரையைத் தாண்டி மேற்கே வந்திருக்கணும்’ என்பான். நடந்ததும் அதுதான், வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் ஒன்று தீபகற்பத்தைக் கடந்து போனது. அழுத்தத்தையும் காற்றையும் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் புதுக் கேள்வி பயமில்லை.

பாறைப் பாடமும் அப்படித்தான். தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல், பத்துமலை சுண்ணாம்புக்கல். தைப்பூசத்துக்கு 272 படி ஏறும்போது தலைக்கு மேலே தொங்கும் கல் எப்படி வந்தது என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டால், அதுவே ஒரு பக்கக் குறிப்பு. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, சுண்ணாம்பைக் கரைக்கிறது, சொட்டுகிற இடத்தில் மறுபடியும் படிய வைக்கிறது.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கையில் பொருள் இருந்தால் குறிப்புத் தானாக வரும். வீட்டுச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன்பல்சக்கரத்தின் பற்களையும் பின்பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணு. முன்னே 48, பின்னே 16 என்று வை. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் மூன்று சுற்று சுற்றும். படம் வரைந்து, பெயர் எழுதி, எண்ணைப் போடு. பின்னே 24 பல் இருந்தால்? இரண்டு சுற்றுத்தான். வேகம் குறையும், மேடு ஏறச் சுலபம். இவ்வளவுதான் பாடம்.

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. ‘எங்களுக்கு மலாய்ப் புத்தகம் படிக்கத் தெரியாதே, நாங்க என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது’ என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், அம்மா. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, ‘இன்னைக்கு என்ன எழுதினே, தமிழ்ல சொல்லு பார்க்கலாம்’ என்று கேளுங்கள். அவன் தடுமாறும் இடம் உங்களுக்குக் கேட்கும். மங்கில் இருக்கும் பாலில் அமிலம் ஊற்றினால் உறையும், அமோனியா ஊற்றினால் உறையாமல் இருக்கும் என்பது மரம் வெட்டிய அப்பாவுக்குத் தெரியும். ஏன் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதிலைத் தேடி அவன் அறிவியல் ஆசிரியரிடம் போகட்டும். யூ.பி.எஸ்.ஆர். 2021-லேயே எடுக்கப்பட்டுவிட்டது, மூன்றாம் படிவப் பரீட்சையான பி.டி.3-யும் 2022-ல் போய்விட்டது. எத்தனை ஏ என்று எண்ணிப் பார்த்த காலம் போன பிறகு, பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறதா என்பதை வீட்டிலும் நாமே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு. அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளி வகுப்பில் உட்கார்ந்ததும், இங்கே நன்றாகத் தெரிந்த பாடமே புதுப் பெயரில் வந்து நிற்கும். வரலாறு செஜாரா ஆகும். பாறை பாத்துவான் ஆகும். மண்ணரிப்பு ஹாக்கிசான், மின்சுற்று லித்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் சொல் தெரியாத ஒரே காரணத்தால் பின்வரிசைக்குப் போய், முதல் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருப்பதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பாடம் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். அதனால் உன் நோட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தை விட்டு வை. மூன்று பத்தியாகக் கோடு கிழி: தமிழ், மலாய், ஆங்கிலம். ஒரு நாளைக்கு ஐந்து சொல். பள்ளி விடுமுறையிலேயே ஆரம்பித்தால், முதலாம் படிவம் தொடங்குவதற்குள் நூற்றைம்பது சொல்லாவது சேர்ந்துவிடும். மூத்த அண்ணன், அக்காவின் பழைய பாடப்புத்தகம் வீட்டில் கிடந்தால் அதிலிருந்தே எடுக்கலாம். இல்லாதவர்கள் தலைமையாசிரியர் அறையில் கேளுங்கள். பழைய புத்தகங்கள் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.