நீரிழிவுற்ற நாயும் நேரந் தவறாத வீடும்

நாயின் நன்றியறிதலைப் பற்றித் தமிழர் பேசாத காலமில்லை. உண்ட வீட்டை மறவாத பிராணி என்று பாட்டிமார் கதையிலும் பள்ளிப் பாடத்திலும் அது புகழப்பட்டு வந்திருக்கின்றது. ஆனால், மனிதர் நாய்க்குச் செலுத்தவேண்டிய நன்றிக்கடன் ஒன்றும் உண்டு என்பதைப் பலர் அறியார். நீரிழிவு நோயாளர் எண்ணற்றோரின் உயிரைக் காத்துவரும் இன்சுலின் என்னும் மருந்து, நாய்களை வைத்து நடத்திய ஆராய்ச்சியினாலேயே உலகுக்குக் கிடைத்தது. அந்த நீரிழிவு, பேச்சு வழக்கிற் சலரோகம் எனப்படும் அதே நோய், வீட்டு நாய்களையும் பற்றுவதுண்டு. நேற்றுவரை முற்றத்தில் ஓடித் திரிந்த நாய்க்கு இந்நோய் உண்டென்று மிருக வைத்தியர் இன்று கூறினால், அவ்வீட்டார் செய்யவேண்டுவது யாது என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் அந்தக் கடனின் வரலாற்றைச் சிறிது நோக்கலாம். 1889ஆம் ஆண்டில், அக்காலத்தில் ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த ஸ்ராஸ்பேர்க் நகரில், ஒஸ்கார் மின்கோவ்ஸ்கி, யோசெப் வொன் மேரிங் என்னும் அறிஞர் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றினர். இரைப்பையை அடுத்துள்ள இச்சுரப்பிக்குச் சமிபாட்டில் உள்ள பங்கை அறிவதே அவர்களின் நோக்கம். ஆனால், அந்த நாய் ஓயாது சிறுநீர் கழிக்கத் தொடங்கிற்று. சிறுநீரைச் சோதித்தபோது அதிற் சர்க்கரை மிகுந்திருந்தது. நீரிழிவின் வேர் சதையியில் உள்ளது என்பது அன்று தெளிவாயிற்று.

முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1921ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் மக்ளியொட்டின் ஆய்வுகூடத்தில், பிரெடரிக் பான்ரிங் என்னும் இளம் சத்திர வைத்தியரும் சாள்ஸ் பெஸ்ற் என்னும் மாணவரும் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். சதையி அகற்றப்பட்ட நாய்களுக்கு அதனை ஊசி மூலம் ஏற்றினர். அவற்றுள் மார்ஜோரி என்று பெயர் பெற்ற நாய், அச்சாற்றின் உதவியால் ஏறத்தாழ 70 நாட்கள் உயிர் வாழ்ந்தது. பின்னர் கொலிப் என்னும் இரசாயன அறிஞர் அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். 1922ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், சாவை நெருங்கியிருந்த 14 வயதுச் சிறுவன் லெனாட் தொம்சன் அதனாற் பிழைத்தான். அடுத்த ஆண்டிலேயே பான்ரிங்குக்கும் மக்ளியொட்டுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாய்களுக்கு எவரும் பரிசு வழங்கவில்லை. அவற்றின் இனத்துக்கு அதே நோய் வரும்போது அதே மருந்தைப் பொறுமையுடன் கொடுப்பதே அவற்றுக்குச் செய்யக்கூடிய கைம்மாறு.

இன்சுலின் ஓர் ஓமோன். சதையி அதனைச் சுரந்து இரத்தத்திற் கலக்கின்றது. உணவினால் வந்த சர்க்கரையை உடலின் கலங்கள் ஏற்றுக்கொள்ள அதன் துணை வேண்டும். இன்சுலின் இல்லாத உடலின் நிலை, குளம் நிறைந்திருக்கவும் துருசு திறவாமையால் வயல் வாடுவதை ஒக்கும். இரத்தத்திலே சர்க்கரை பெருகுகின்றது; கலங்களோ பட்டினி கிடக்கின்றன. உடல்நலமுள்ள நாயின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கும். அது 180 அல்லது 200 மில்லிகிராமைத் தாண்டுமாயின், குளம் வான்பாய்வது போலச் சர்க்கரை சிறுநீரில் வழிகின்றது; வழியும்போது உடலின் நீரையும் உடன்கொண்டு போகின்றது. ஆதலால் நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கின்றது. இழந்த நீரை ஈடுசெய்ய ஓயாது குடிக்கின்றது. நிரம்ப உண்டும் மெலிகின்றது.

இந்த அறிகுறிகள் பெரும்பாலும் நடுவயது கடந்த நாய்களிலேயே தோன்றும். பத்துக் கிலோ நிறையுள்ள நாய் நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேல் நீர் குடிக்குமாயின் அதனைச் சோதிப்பிக்க வேண்டும். வீட்டினுள் ஒருநாளும் அசுத்தம் செய்யாத நாய் திண்ணையிற் சிறுநீர் கழித்தால், அதனை அடிப்பதற்குமுன் அது நோயுற்றதோ என்று எண்ணிப் பார்த்தல் நன்று. சிறுநீரைக் குறைக்கலாம் என்று கருதித் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து மறைப்பது பெருந் தீங்கு. அந்த நீரே நாயின் உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கின்றது. வேறு சில நோய்களிலும் தாகம் மிகுவதுண்டு. ஆகையால் இரத்தம், சிறுநீர் இரண்டிலும் சர்க்கரையைக் கண்டே வைத்தியர் நோயை உறுதிப்படுத்துவர்.

நோய் உறுதியானவுடன் வீட்டாரை அஞ்சவைக்கும் சொல் ஊசி என்பதாகும். மனிதருட் பலருக்கு நீரிழிவு குளிசையால் அடங்கும். நாய்க்கு அங்ஙனமன்று. அதன் சதையி இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலை இழந்துவிட்டமையால், ஏறக்குறைய எல்லா நாய்களுக்கும் வாழ்நாள் முழுதும் இன்சுலின் ஊசியே வேண்டும். வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்த குளிசையை நாய்க்கு ஊட்டிப் பார்த்தல் ஆகாது. ஆனால், ஊசி என்றவுடன் எழும் அச்சம் ஒரு வாரத்தில் தீரக்கூடியது. அது மிக மெல்லிய ஊசி. தோள்ப்பக்கத்திலோ விலாப்பக்கத்திலோ தளர்ந்த தோலை இரு விரலால் உயர்த்தி அதன் அடியிற் செலுத்துவர். நாய் உண்டு முடிக்கும் வேளையிலே போட்டால் அது பெரும்பாலும் திரும்பியும் பாராது. ஒரே இடத்திற் போடாமல் இடத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

இங்கே கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இன்சுலின் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டதாகவும் 100 அலகு கொண்டதாகவும் விற்கப்படுகின்றது. இரண்டுக்கும் ஊசிக்குழாயின் அளவுகோடுகள் வேறு. 100 அலகு மருந்தை 40 அலகுக்கு உரிய குழாயில் எடுத்தால் நாய்க்கு இரண்டரை மடங்கு மருந்து சென்றுவிடும். மருந்தும் குழாயும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்த்தல் அவசியம். மருந்துப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறையும் அறையில் வைக்கலாகாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

ஊசியிலும் பெரிய மருந்து ஒழுங்கு. நாளொன்றுக்கு இருவேளை, 12 மணி நேர இடைவெளியில், ஒரே வகை உணவு, ஒரே அளவு, அதனையடுத்து ஊசி. இதுவே சிகிச்சையின் முதுகெலும்பு. வானொலியிலே காலைச் செய்தி ஒலிக்கும் வேளையை ஒரு வேளையாகக் கொண்டால், மாலையில் அதே மணி மறு வேளையாகும். பாடசாலைக்கு நேரசூசி எத்தகையதோ அத்தகையது இவ்வீட்டுக்கு அந்த மணி. ஊசி போடும் பொறுப்பு ஒருவருடையதாக இருத்தல் நலம். போட்டவுடன் நாட்காட்டியில் அடையாளமிடல் வேண்டும். தாய் காலையில் ஊசி போட்டது அறியாமல் மகன் மறுபடி போட்டுவிட்டால் நாயின் உயிருக்கே கேடாகும். போட்ட மருந்து உள்ளே சென்றதோ வெளியே சிந்தியதோ என்ற ஐயம் எழுந்தாலும் மீண்டும் போடலாகாது. ஒருவேளை ஊசி தவறுவதால் வரும் தீமை சிறிது. இருமடங்கு ஊசியால் வரும் தீமை பெரிது. நாய் உணவைத் தொடாத நாளில் முழு அளவு மருந்தைப் போடாமல் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவில் இனிப்பு ஆகாது. அளந்த சோறு, மீன் அல்லது இறைச்சி, அவித்த பயற்றங்காய் என்று வைத்தியர் வகுத்த அளவில் நிற்றல் வேண்டும். வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகள் பிஸ்கற்றும் பொங்கலன்று சர்க்கரைப் புக்கையும் நாய்க்குக் கொடுப்பது அன்பினால்தான். ஆயினும் அந்த அன்பு ஒருநாள் ஒழுங்கைக் கெடுக்கும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். சர்க்கரை இல்லாத இனிப்பு என்று விற்கப்படும் சில பண்டங்களிற் சைலிற்றோல் என்னும் பொருள் உண்டு. அது மனிதருக்குத் தீங்கற்றது, நாய்க்கோ நஞ்சு.

இந்நோயில் இருவகை ஆபத்துக்களை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று, இரத்தத்திற் சர்க்கரை மிகக் குறைந்துபோதல். நாய் தளர்ந்து தள்ளாடும், நடுங்கும், வீட்டாரை அறியாதது போல விழிக்கும், முற்றினால் வலிப்பு வரும். உணர்வோடு இருந்தால் உடனே உணவு கொடுக்கலாம். இயலாவிடின் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறிலே தடவி, வைத்தியரிடம் விரைதல் வேண்டும். வலிப்புறும் நாயின் பற்களுக்கிடையே விரலை வைத்தலும் வாயில் நீரை ஊற்றுதலும் கூடாது. சர்க்கரை மிகுதி நாட்கணக்கிற் கெடுக்கும். சர்க்கரைக் குறைவோ நாழிகைக் கணக்கிற் கொல்லும். மற்றையது, இன்சுலின் போதாமையால் உடல் கொழுப்பை எரித்து நச்சு அமிலங்களைப் பெருக்குதல். நாய் உணவை வெறுத்து, வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை, வைத்தியசாலையே கதி.

சரியான அளவைக் கண்டறியச் சில வாரங்கள் செல்லும். வைத்தியர் ஒரு பகல் முழுதும் இரண்டு மணிக்கொருமுறை இரத்தத்தைச் சோதித்து, மருந்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து, அலகைச் சிறிது சிறிதாக மாற்றுவார். வீட்டார் தாமாகவே கூட்டவும் குறைக்கவும் கூடாது. அவர்கள் செய்யத்தக்கது ஒரு கொப்பியில் நாள்தோறும் குடித்த நீரையும் உண்ட உணவையும், வாரந்தோறும் நிறையையும் எழுதிவைத்தல். ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பின் தாம் மட்டும் நின்று கழித்துப் பார்த்தால் நிறை தெரியும். தாகம் தணிந்து, மெலிவு நின்று, நாய் பழையபடி வாசலுக்கு ஓடிவருமாயின் மருந்து வழிக்கு வந்துவிட்டது எனலாம். பெண்நாயாயின் கருப்பையும் சூலகமும் அகற்றும் சத்திரசிகிச்சையை வைத்தியர் கூறுவார். வேட்கைக் காலத்தின்பின் பெருகும் ஓமோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றமையே அதன் காரணம்.

ஒன்றை மறைத்தல் தகாது. மருந்து முறையாகக் கொடுத்தாலும், நீரிழிவுற்ற நாய்களிற் பெரும்பாலானவற்றின் கண்களில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் வெண்படலம் படர்ந்து பார்வை மங்குகின்றது. சத்திரசிகிச்சையாற் பார்வையை மீட்கலாம். அது எல்லா இடத்திலும் கிட்டுவதன்று. ஆயினும் பார்வை இழந்த நாய் மூக்காலும் செவியாலும் தன் வீட்டை நன்கறியும். கதிரை மேசைகளை இடம் மாற்றாமலும், கட்டில்லாத கிணற்றுக்கு வேலியிட்டும், தொடுமுன் பெயர் சொல்லி அழைத்தும் வந்தால் அது கலங்காது வாழும்.

மருந்தும் சோதனையும் பணமின்றி வருவனவல்ல. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. அத்தகையோர் தம் நிலையை முதல் நாளிலேயே வைத்தியரிடம் ஒளியாது கூறுதல் வேண்டும். இயன்றவளவில் எளிய வழியொன்றை அவர் காட்டக்கூடும். எவ்வழியும் இல்லையெனில், வேதனையின்றி உயிர் அடங்கச் செய்வதும் இரக்கத்தின்பாற்பட்டதே. பொறுக்கத் தகாதது ஒன்றே: நோயுற்ற நாயைச் சந்தியிற் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது. இன்சுலின் பெறாத நாய் தாகத்தாலும் பசியாலும் உருகியே இறக்கும்.

ஆனால், இயன்ற வீடுகள் நோயின் பெயரைக் கேட்ட அன்றே நம்பிக்கையிழத்தல் வேண்டா. முதல் மாதத்தைக் கடந்த நாய்கள் பல, ஒழுங்கான கவனிப்போடு ஆண்டுக்கணக்காக நலமாக வாழ்கின்றன. அதற்கு வேண்டியது காலையும் மாலையும் ஒரே மணிக்கு எழும் ஒரு கையும், அன்றாடம் எழுதப்படும் ஒரு வரியுமே. ரொறன்ரோவிலே கூண்டுகளில் நின்ற நாய்கள் தம் விருப்பம் கேட்கப்படாமலே மனித இனத்துக்கு ஒரு மருந்தைத் தந்தன. வாசலிற் படுத்திருக்கும் நாய்க்கு அந்த மருந்தை நேரந் தவறாது கொடுத்தல், அக்கடனிற் சிறு பங்கையேனும் தீர்க்கும்.