காஜூ தந்த மொழி

வடநாட்டுக் கடைகளில் நாம் 'காஜூ' என்று கேட்டு வாங்கும் முந்திரியின் பெயர் பிரேசில் நாட்டுத் துப்பிப் பழங்குடியினர் இட்டது. போர்த்துக்கீசியர் வாயிலாக இங்கு வந்து சேர்ந்தது. பழங்குடிச் சிறுவர் பள்ளியில் தம் தாய்மொழி பேசலாகாது, போர்த்துக்கீசியமே பேசவேண்டும் என்று 1757-இல் அங்கே குடியேற்ற ஆட்சி ஆணையிட்டது. ஆணையிட்டவர் மொழியோ அச்சிறுவரின் முன்னோர் சொற்களை இன்றும் சுமந்து நிற்கிறது!

பழங்குடியினரின் வரலாற்றையும் பண்பாட்டையும் பள்ளிகளில் கற்பித்தே ஆகவேண்டும் என 2008-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வாறாயின் போர்த்துக்கீசிய வகுப்பு இலக்கண வாய்பாட்டோடு நின்றுவிடலாமா? 1987-இல் அரசியல் நிர்ணய சபையில், கிரெனாக் குடியினரான அயில்த்தொன் கிரெனாக், முகத்தில் கருஞ்சாயம் பூசியவாறே போர்த்துக்கீசியத்தில் பேசிப் பழங்குடியினர் உரிமைக்கு வாதாடினார். மாணவர் முதலில் அவ்வுரையைச் செவிமடுக்கட்டும். வினைத்திரிபுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரேசில் இலக்கியக் கழகம் 2023-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பழங்குடியினருள் அவ்விடம் பெற்ற முதல்வர் அவரே.