மின் வாகனமும் உழைக்கும் மக்களும்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

மின் வாகனங்களைப் பற்றி நமது அணிகளிடையே இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன. சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆகவே ஆதரிப்போம் என்கிறார்கள் சிலர். மின்சாரமே நிலக்கரியிலிருந்துதானே வருகிறது, இது பெருமுதலாளிகளின் வியாபாரம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. முழு உண்மையை அறிய வேண்டுமாயின், இயந்திரத்தையும் அதன் உடைமையையும் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும்.

முதலில் இயந்திரம். பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே சக்கரத்திற்குத் தருகிறது. மீதி வெப்பமாக வீணாகிறது. மின் மோட்டாரோ, பேட்டரியில் உள்ள ஆற்றலில் பெரும்பகுதியை இயக்கமாக மாற்றுகிறது. நமது நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதும், அனல் மின் நிலையங்களில் ஆற்றல் இழப்பு மிகுதி என்பதும் உண்மையே. ஆனால் மின்சாரத்தை நாளை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் பெற முடியும். பெட்ரோலுக்கு அத்தகைய மாற்று வழி இல்லை. நகரத் தெருக்களில் நாள் முழுவதும் புகையைச் சுவாசிப்பவர்கள் ஓட்டுநர்களும் தெருவோர வியாபாரிகளுமே. ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தை எதிர்ப்பது நமது நிலைப்பாடாக இருக்க முடியாது.

அடுத்து, அரசும் நிறுவனங்களும் இதை நடத்துகிற முறை. ஒரு முறை சார்ஜ் செய்தால் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அது சோதனைக்கூடத்தில் பெறப்பட்ட எண். இருவர் ஏறி, வெயிலிலும் நெரிசலிலும் ஓட்டும்போது அந்தத் தூரம் குறைகிறது. கடன் வாங்கி ஸ்கூட்டர் வாங்கிய உணவு விநியோகத் தொழிலாளிக்கு, குறைகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் கூலி இழப்பாகும்.

பாதுகாப்பு விஷயத்திலும் இதே அலட்சியத்தைக் கண்டோம். 2022இன் தொடக்க மாதங்களில் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. அவ்வாண்டு மார்ச்சில் வேலூரில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதன் பின்னரே பேட்டரிகளுக்கான சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. உயிர்கள் பறிபோகும்வரை வெப்பமான நம் நாட்டிற்கு ஏற்ற சோதனைகளை அரசு ஏன் வலியுறுத்தவில்லை?

மானியம் வழங்குவதில் அரசு அவ்வாறு தாமதிக்கவில்லை. 2019இல் தொடங்கிய ஃபேம்-2 திட்டத்திற்கு 10,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வாகனத்தின் விலை உச்சவரம்பிற்குள் இருந்தால்தான் மானியம் கிடைக்கும் என்பதால், சில நிறுவனங்கள் சார்ஜருக்குத் தனி ரசீது போட்டு விலையைக் குறைத்துக் காட்டின. 2023இல் விவகாரம் வெளியான பிறகே, வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு மேலும் ஒரு சலுகையை அறிவித்தது. இங்கு 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்ய உறுதியளிக்கும் நிறுவனங்கள், 35,000 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள மின் கார்களை வெறும் 15 சதவீதச் சுங்க வரியில், குறிப்பிட்ட எண்ணிக்கைவரை இறக்குமதி செய்யலாம்.

இதே காலத்தில் ஏழைகளின் மின் வாகனம் எப்படி நடத்தப்பட்டது? தில்லியிலும் வட மாநில நகரங்களிலும் மின் ரிக்‌ஷாக்கள் லட்சக்கணக்கானோருக்குப் பிழைப்பளிக்கின்றன. 2014 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றிற்குத் தடை விதித்தது. 2015இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அவற்றிற்கு உறுதியான சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஈய-அமில பேட்டரியில் ஓடியதால், ஃபேம்-2 மானியம் அவற்றிற்கு இல்லை. லித்தியம் பேட்டரிக்கு மாற ஓட்டுநரிடம் பணமில்லை. பழைய பேட்டரிகளைப் பட்டறைகளில் உருக்கும் தொழிலாளியின் உடலில் ஈய நஞ்சு சேர்கிறது. மானியம் மிகவும் தேவைப்பட்டது இங்குதான்.

பேருந்துகளுக்கு வருவோம். ஒருவர் மட்டும் செல்லும் சொகுசுக் காரை விட, அறுபது பேரைச் சுமக்கும் பேருந்தே உண்மையில் ஆற்றலைச் சேமிக்கிறது. 2023 ஆகஸ்டில், 10,000 மின் பேருந்துகளுக்கான 57,613 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் இது அரசு-தனியார் கூட்டுத் திட்டம். இத்தகைய ஒப்பந்த முறையில் பேருந்து தனியாருக்குச் சொந்தம்; ஓட்டுநர் தனியாரின் ஒப்பந்தத் தொழிலாளி; கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மக்கள் பணம் தரப்படுகிறது. பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகை நிறுவனத்திற்கு உறுதி. நட்டம் பொதுத்துறையின் தலையில். டீசல் பேருந்து கழிக்கப்படும்போது, அதனுடன் நிரந்தர வேலையும் பணிமனையின் தொழில்திறனும் சேர்ந்தே கழிக்கப்படுகின்றன.

ஆகவே தோழர்களே, நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். மின் பேருந்துகளைப் பொதுப் போக்குவரத்துக் கழகங்களே வாங்கி, நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்டு இயக்க வேண்டும். பணிமனைத் தொழிலாளர்களுக்குப் புதிய தொழில்நுட்பத்தில் பயிற்சி அளிக்க வேண்டும். ரிக்‌ஷா ஓட்டுநர்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். சாலையில் கிடைக்கும் உண்மையான தூரத்தையே விளம்பரங்களில் வெளியிட வேண்டும்.

இக்கோரிக்கைகளுடன் பணிமனை வாயில்களுக்கும் ரிக்‌ஷா நிறுத்தங்களுக்கும் செல்வோம். புகையில்லாத நகரம் வேண்டும் என்று கேட்பதும் வேலைக்குப் பாதுகாப்பு கேட்பதும் ஒரே போராட்டம் என்பதை அங்குள்ள தொழிலாளர்களிடம் எடுத்துரைப்போம்.